எரிக்கச் சொன்ன கடிதமும் எரிக்காமல் வைத்த கணக்கும்: செனட்டர் பிளண்ட் விவகாரம்

வில்லியம் பிளண்ட் என்ற பெயரை அமெரிக்க வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1787-ல் அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்துப் போட்ட 39 பேரில் ஒருவர். டென்னசி மாநிலம் அனுப்பிய முதல் இரண்டு செனட்டர்களில் ஒருவர். செனட்டிலிருந்து முதன்முதலாக வெளியேற்றப்பட்டவரும் அவர்தான், பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டு சுமத்திய முதல் ஆளும் அவர்தான். இந்த இரண்டும் 1797 ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் நடந்தன.

காரணம், அவரே எழுதிய ஒரு கடிதம். அதை மட்டும் எடுத்துப் படித்தால் அவர் தேசத் துரோகி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், பல பேர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் வியாபாரக் கடிதங்களையும் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார்: கழுத்து வரை கடன், கையில் விற்காத நிலம், எப்படியாவது விலையை ஏற்ற வேண்டும் என்று தவிக்கிற ஒரு ரியல் எஸ்டேட் புள்ளி. செனட் குறிப்பேடு அவர் செய்ததைச் சொல்லும். ஏன் செய்தார் என்பதற்குப் பதில் அங்கே கிடைக்காது, வீட்டுக் காகிதங்களில்தான் கிடைக்கும். இந்த விவகாரத்தை நான் எடுத்ததே அதற்காகத்தான்.

முதலில் கடிதம். 1797 ஏப்ரல் 21 தேதியிட்டது. எழுதப்பட்டது ஜேம்ஸ் கேரி என்பவருக்கு. டென்னசியில் டெல்லிக்கோ (Tellico) என்ற இடத்தில் இருந்த அரசு முகாமில், செரோக்கி என்ற செவ்விந்தியப் பழங்குடி மக்களுக்காக வேலை பார்த்த அரசு மொழிபெயர்ப்பாளர் அவர். செனட்டர் அவருக்கு எழுதியதன் சாரம் இது. நாம் முன்பு பேசிய திட்டம் இந்த இலையுதிர் காலத்தில் நடக்கும் என்று நம்புகிறேன், முன்பு பேசியதைவிடப் பெரிய அளவில். செல்வாக்குள்ள ஒருவர் இது விஷயமாக இங்கிலாந்து போயிருக்கிறார். ஏற்பாடு கூடிவந்தால் பிரிட்டிஷ் தரப்புக்கு அநேகமாக நானே தலைமை தாங்குவேன். செவ்விந்தியர்கள் தங்கள் பங்கைச் செய்தால் வெற்றி நிச்சயம். ஹாக்கின்ஸ், டின்ஸ்மோர், பையர்ஸ் (மூவரும் செவ்விந்தியர் பகுதியில் வேலை பார்த்த அரசு ஆட்கள்) காதுக்கு மட்டும் இது போய்விடக் கூடாது. நில எல்லை பற்றி செரோக்கிகள் குறைப்பட்டுக்கொண்டால் பழியை முன்னாள் ஜனாதிபதி மேல் போடு, அவர்தான் பதவியில் இல்லையே, யார் திட்டினாலும் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. (முன்னாள் ஜனாதிபதி என்றால் ஜார்ஜ் வாஷிங்டன். பிளண்ட்டுக்கு ஆளுநர் பதவி கொடுத்ததே அவர்தான்.) கடைசியில் ஒரு உத்தரவு: இதை மூன்று முறை படித்துவிட்டு எரித்துவிடு.

கேரி எரிக்கவில்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்று பெயர் சொல்லி எழுதியிருந்ததோ அந்த மூவரில் ஒருவரான பையர்ஸிடமே கடிதம் போய்ச் சேர்ந்தது! பையர்ஸ் டெல்லிக்கோவில் அரசு வியாபாரக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அவர் அதை டென்னசியின் நாக்ஸ்வில்லில் இருந்த போர்த்துறை முகவர் டேவிட் ஹென்லியிடம் கொண்டுபோனார். ஹென்லிக்கும் பிளண்ட்டுக்கும் ஏற்கெனவே ஆகாது. அங்கிருந்து கடிதம் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்குப் போய், வெளியுறவுச் செயலர் பிக்கரிங் கைக்கு வந்து, ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் மேசையில் ஏறியது.

ஜூலை 3 அன்று ஆடம்ஸ் அதை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். பிளண்ட் அந்த நேரம் காலாற நடந்துவிட்டு வரலாம் என்று வெளியே போயிருந்தார். திரும்பி செனட் அவைக்குள் நுழையும்போது எழுத்தர் வாசித்துக்கொண்டிருந்தது அவருடைய கடிதத்தை. தலைமை இருக்கையில் துணை ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார்கள். கேரிக்கு ஒரு கடிதம் எழுதியது உண்மைதான், ஆனால் இது அதன் சரியான நகலா என்று என் காகிதங்களைப் பார்க்காமல் சொல்ல முடியாது, நாளை வரை நேரம் கொடுங்கள் என்றார் பிளண்ட்.

இதைச் சாக்குப்போக்கு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். சாக்குதான், சந்தேகமில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அந்தப் பதில் விசித்திரமாகப் பட்டிருக்காது. அந்தக் காலத்து வியாபாரி எவரும் முக்கியமான கடிதத்தை அனுப்பும் முன் ஒரு பெரிய பேரேட்டில் நகல் எடுத்து வைத்துக்கொள்வார், இல்லையென்றால் வரைவையாவது பத்திரப்படுத்துவார். வருகிற கடிதத்துக்கு உறை கிடையாது, தாளையே மடித்து, அரக்கு வைத்து மூடி, வெளிப்புறத்தில் முகவரி எழுதுவார்கள். பெறுபவர் படித்து முடித்ததும் மறுபடி மடித்து அதன் முதுகில் யாரிடமிருந்து வந்தது, என்ன தேதி என்று ஒரு வரி குறித்துக் கட்டாகக் கட்டிவைப்பார். கடன் வழக்கு வந்தால் அந்தக் கட்டுதான் சாட்சி. அதனால் எதையும் லேசில் தூக்கிப் போட மாட்டார்கள். எரித்துவிடு என்று தனியாக எழுத வேண்டிவந்ததே, சாதாரணமாக யாரும் எரிக்க மாட்டார்கள் என்பதால்தான்.

மறுநாள் அவர் அவைக்கு வரவில்லை. சக டென்னசி செனட்டர் வில்லியம் காக் மூலம் மேலும் அவகாசம் கேட்டுக் கடிதம் வந்தது. ஊரைவிட்டு நழுவப் பார்த்தார், அவருடைய பெட்டிகள் பிடிபட்டன. பெட்டிக்குள் துணிமணியோடு காகிதங்களும் இருந்தன. அவர் கையெழுத்தைத் தெரிந்த சக உறுப்பினர்கள், ஆமாம் இது அவர் கையெழுத்துதான் என்று சொன்னார்கள். ஜூலை 7 பிரதிநிதிகள் சபை குற்றச்சாட்டைத் தீர்மானித்தது. ஜூலை 8 செனட் அவரை வெளியேற்றியது, 25-க்கு 1. அந்த ஒற்றை எதிர்ப்பு வாக்கு வர்ஜீனியாவின் ஹென்றி டேஸ்வெல் போட்டது.

சரி, இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம்.

பிளண்ட் குடும்பம் வட கரோலினாவில் பெரிய வியாபாரக் குடும்பம். பாம்லிக்கோ ஆற்றங்கரையில் வாஷிங்டன் என்ற சின்ன ஊர் (தலைநகர் வாஷிங்டன் இல்லை, இது அதற்கு மூத்தது), அங்கே ஜான் கிரே பிளண்ட்டும் தாமஸ் பிளண்ட்டும் சேர்ந்து கடை, கப்பல், கிடங்கு என்று நடத்தினார்கள். தார், டர்பன்டைன், மரம், புகையிலை எல்லாம் ஏற்றுமதி. கடலுக்குப் போகும் ஓக்ராகோக் வாயில் ஆழம் குறைவு, பெரிய கப்பல் பாரத்தோடு உள்ளே வர முடியாது, சரக்கைப் படகுக்கு மாற்றியாக வேண்டும். அதற்காக ஜான் கிரே பிளண்ட், ஜான் வாலஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, சிப்பி ஓடு குவிந்த ஒரு திட்டின் மேல் துறையும் கிடங்கும் கட்டினார். ஷெல் காஸில் என்று பெயர். அந்த வேலையில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் உழைப்பு பெரும் பங்கு. இந்தக் கடிதங்களில் மனிதர்களை வாங்குவதும் விற்பதும் தார் பீப்பாயைப் பற்றி எழுதுகிற அதே தொனியில் வரும். முதல்முறை படிப்பவர்களுக்கு அது வயிற்றைப் பிசையும்.

மூன்று அண்ணன் தம்பிகளும் அரசியலில் இருந்தார்கள். வில்லியம் மாநில அவையிலும், பழைய கூட்டமைப்புக் காங்கிரஸிலும், அப்புறம் செனட்டிலும். ஜான் கிரே மாநில அவையில். தாமஸ் 1793 முதல் பிரதிநிதிகள் சபையில், அதாவது அண்ணன் மேல் குற்றம் சாட்டிய அதே சபையில் தம்பி உட்கார்ந்திருந்தார். ஆகவே இவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதத்தில் சட்டம் எது, வியாபாரம் எது என்று பிரிக்கவே முடியாது. ஒரே தாளில் மேல் பாதியில் அவையில் நடந்த வாக்கெடுப்பு, கீழ்ப் பாதியில் நிலச் சான்றிதழின் விலை. தகவல் அவையிலிருந்து கடைக்கு ஓடுகிறது, பணம் கடையிலிருந்து நிலத்துக்கு ஓடுகிறது.

அதற்கு நல்ல உதாரணம் 1783. அந்த ஆண்டு வட கரோலினா சட்டமன்றம் தன் மேற்குப் பகுதியை, அதாவது இன்றைய டென்னசியை, விற்பனைக்குத் திறந்துவிட்டது. 100 ஏக்கர் 10 பவுன், அதுவும் மதிப்பிழந்த காகிதப் பணமே போதும். பதிவு அலுவலகம் ஹில்ஸ்பரோவில். ஏழே மாதம்தான் திறந்திருந்தது, அதற்குள் சுமார் 40 லட்சம் ஏக்கர் பதிவாகிவிட்டது. பெரும்பகுதி செரோக்கி, சிக்கசா மக்கள் வாழ்ந்த நிலம், அவர்களை யாரும் கேட்கவில்லை. இந்தச் சட்டம் நிறைவேறப் பாடுபட்டவர்களில் வில்லியம் பிளண்ட் ஒருவர், இந்தச் சட்டத்தால் நிலம் குவித்தவர்களிலும் அவர் ஒருவர். நமக்குத் தெரிந்த பினாமி வேலை அத்தனையும் அங்கே உண்டு. வேறு பேரில் பதிவது, இல்லாத ஆள் பேரில் பதிவது, போர்வீரர்களுக்கு அரசு கொடுத்த நிலச் சான்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சேர்ப்பது. குடும்பமும் கூட்டாளிகளும் உரிமை கொண்டாடிய நிலம் பல லட்சம் ஏக்கர்.

1789-ல் வட கரோலினா அந்த மேற்குப் பகுதியை மத்திய அரசிடம் ஒப்படைத்தது, தான் ஏற்கெனவே கொடுத்த பட்டாக்கள் செல்லும் என்ற நிபந்தனையோடு. 1790-ல் அங்கே ஆளுநராகப் போனவர் பிளண்ட். செவ்விந்தியர் விவகாரங்களுக்கான கண்காணிப்பாளரும் அவரே. யாருடைய நிலத்துக்கு எல்லை போட வேண்டுமோ அந்த எல்லைக்கு அப்பால் தனக்கே பட்டா வைத்திருக்கிற ஆளை எல்லை போட அனுப்பினால் என்ன நடக்கும்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதை யாரோ எதிரி கிளப்பிய வதந்தி என்று தள்ள முடியாது. இந்த நியமனம் நம் மேற்கத்திய நில வியாபாரத்துக்கு எவ்வளவு நல்லது என்று வில்லியமே தம்பி ஜான் கிரேக்கு மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அரசு ஆவணத்தில் அப்படி ஒரு வரியை எவரும் எழுத மாட்டார்கள். வீட்டுக்குப் போகிற கடிதத்தில்தான் எழுதுவார்கள்.

இந்த வியாபாரம் முழுக்க ஓடியது புரோநோட்டில். டேவிட் ஆலிசன் என்ற கூட்டாளி பிலடெல்பியாவில் உட்கார்ந்து நிலத்தைக் காட்டிக் கடன் எழுப்புவார், பிளண்ட் சகோதரர்கள் அந்த நோட்டின் முதுகில் கையெழுத்துப் போடுவார்கள், அந்த நோட்டு இன்னொருவர் கைக்குப் போய் அங்கே அதன் மேல் வேறொரு கடன். 1795-ல் ஆண்ட்ரூ ஜாக்சன், பிற்காலத்து ஜனாதிபதி, ஆலிசனுக்கு நிலம் விற்றுவிட்டு ஆலிசனின் நோட்டை வாங்கிக்கொண்டு போய் அதைக் கடையில் கொடுத்துச் சரக்கு எடுத்தார். நோட்டு பொய்த்துப்போனபோது ஜாக்சன் தலையில் விழுந்த கடன் பல வருஷம் அவரை விடவில்லை. காகிதப் பணத்தின் மேல் அவருக்கு ஆயுள் முழுக்க இருந்த வெறுப்புக்கு வேர் இங்கேதான் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது.

1796, 1797-ல் நிலச் சந்தை சரிந்தது. ஐரோப்பாவில் போர், இங்கிலாந்திலிருந்து பணம் வருவது நின்றுபோனது. ஆலிசன் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டு 1798-ல் அங்கேயே இறந்தார். பென்சில்வேனியாவின் முன்னாள் செனட்டர் ராபர்ட் மாரிஸ், விடுதலைப் போருக்கே பணம் புரட்டிக் கொடுத்தவர், 1798 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் புரூன் தெருச் சிறைக்குப் போய் மூன்றரை வருஷம் கிடந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன் கடன்காரர்களுக்குப் பயந்து வட கரோலினாவின் ஈடன்டனுக்கு ஓடிவந்து அங்கே உயிரை விட்டார். மாரிஸ், வில்சன், பிளண்ட் மூன்று பேருமே அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர்கள்.

இதற்கு நடுவில் ஒரு பேச்சு அடிபட்டது. லூசியானாவையும் நியூ ஆர்லியன்ஸையும் ஸ்பெயின் பிரான்ஸுக்குக் கொடுத்துவிடப் போகிறது என்று. பிரான்ஸ் வந்து மிசிசிப்பி ஆற்றை அடைத்துவிட்டால் டென்னசியில் விளைகிற எதுவும் கடலுக்குப் போகாது. நிலத்துக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச விலையும் போய்விடும்.

இங்கேதான் நியூயார்க்கின் நிக்கோலஸ் ரோமேன் வருகிறார். டாக்டர், நில வியாபாரமும் உண்டு. பிளண்ட் அவரோடு முதலில் பேசியது வெறும் வியாபாரம்: இங்கிலாந்து போய் என் நிலத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்க முடியுமா? பேச்சு போகப் போக, நிலத்தை விற்பதைவிட நிலத்தின் விலையை ஏற்றுவது எப்படி என்று மாறியது. பிரிட்டிஷ் கடற்படை ஒரு பக்கம், எல்லைப்புறத்து ஆட்களும் செரோக்கி, க்ரீக் வீரர்களும் மறுபக்கம், நியூ ஆர்லியன்ஸையும் ஃபுளோரிடாவையும் ஸ்பெயினிடமிருந்து பிடித்து பிரிட்டன் கையில் கொடுப்பது, ஆற்று வழி திறந்தே இருப்பது. ஜான் சிஷம் என்ற எல்லைப்புறத்துச் சாகசக்காரர் ஏற்கெனவே இதுபோன்ற ஒரு யோசனையோடு பிரிட்டிஷ் தூதர் ராபர்ட் லிஸ்டனைப் பார்த்திருந்தார். லிஸ்டன் அவரை லண்டனுக்கு அனுப்பியும் வைத்தார். லண்டன் இதை ஏற்கவில்லை. சிஷம் அங்கே கடனில் மாட்டி, கடைசியில் அமெரிக்கத் தூதர் ரூஃபஸ் கிங்கிடம் நடந்ததை எல்லாம் வாக்குமூலமாகக் கொடுத்தார்.

ரோமேனின் காகிதங்களையும் அரசு கைப்பற்றியது. சாமுவேல் சிட்கிரீவ்ஸ் தலைமையிலான சபைக் குழு அவற்றை வரிசைப்படுத்தி அச்சிட்டபோதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. நில விற்பனைக் கடிதம் மெல்ல மெல்லப் படையெடுப்புக் கடிதமாக மாறுவதை அங்கே தாள் தாளாகப் பார்க்கலாம். என் கணிப்பு இது: பிளண்ட்டுக்கு பிரிட்டன் மேல் பாசமும் கிடையாது, அமெரிக்கா மேல் வெறுப்பும் கிடையாது. 1787-ல் அரசியலமைப்பில் கையெழுத்துப் போடும்போதே, இது அங்கே கூடிய மாநிலங்களின் ஒருமித்த முடிவு என்பதற்குச் சாட்சியாக மட்டும் போடுகிறேன், என்னை இதில் கட்டிப்போட வேண்டாம் என்று சொன்னவர். எதிலும் முழுசாக மாட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றிலும் ஒரு பங்கு வைத்திருப்பதுதான் அவர் வழக்கம். அதனால் குற்றம் குறைந்துவிடாது. தன் கடனைத் தீர்க்க செரோக்கிகளையும் க்ரீக்குகளையும் அடுத்தவர் போரில் முன்னால் தள்ளத் தயாராக இருந்தார், இது எனக்குத் துரோகத்தைவிட மோசமாகப் படுகிறது.

விசாரணைக் கதை சுருக்கமாக. வெளியேற்றப்பட்டதும் பிளண்ட் டென்னசிக்குப் போய்விட்டார். அவரைப் பிடித்து வர செனட்டின் காவல் அதிகாரி ஜேம்ஸ் மேதர்ஸ் நாக்ஸ்வில் வரை போனார். பிளண்ட் அவருக்கு விருந்து வைத்தார், ஊரில் ஒருத்தரும் கைதுக்கு உதவ முன்வரவில்லை, மேதர்ஸ் வெறுங்கையோடு திரும்பினார். ஊர்க்காரர்கள் பிளண்ட்டை மாநில செனட்டுக்கு அனுப்பினார்கள், 1798-ல் அந்த அவைக்கே அவர் தலைவர். பிலடெல்பியாவில் 1798 ஜனவரி 30 அன்று பிளண்ட் வழக்கை நடத்தப்போகிற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க சபை வாக்களித்துக்கொண்டிருந்தபோதுதான் சபை உறுப்பினர் மாத்யூ லயன், சக உறுப்பினர் ராஜர் கிரிஸ்வோல்டின் முகத்தில் காறித் துப்பினார். அடுத்த சில வாரங்கள் சபை அந்தச் சண்டையிலேயே ஓடியது. கடைசியில் செனட், பிளண்ட் வராமலேயே வாதம் கேட்டு, 1799 ஜனவரியில் 14-க்கு 11 என்ற கணக்கில் இது நம் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று வழக்கை முடித்தது. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஜாரெட் இங்கர்சால், அவரும் அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர். இன்றுவரை நாடாளுமன்ற உறுப்பினர் வேறு யார் மேலும் பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்ததில்லை, வெளியேற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிளண்ட் 1800 மார்ச் 21 நாக்ஸ்வில்லில் இறந்தார்.

இதே சமயத்தில் காகிதம் சம்பந்தமான இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. 1797 கடைசியில், வட கரோலினாவின் நிலப் பதிவில் பெரிய மோசடி என்ற தகவல் ஜாக்சன் மூலம் மாநிலத் தலைநகர் ராலிக்கு வந்தது. மாட்டியவர் மாநிலச் செயலர் ஜேம்ஸ் கிளாஸ்கோ, போர்வீரர்களின் நிலச் சான்றுகளில் விளையாடியவர். பிளண்ட் குடும்பத்தின் பெயரும் அதில் அடிபட்டது. ஆதாரத்தை அழிக்க ராலியில் ஆவணங்கள் இருந்த அரசு மாளிகையையே கொளுத்த சதி நடந்தது, அது முறியடிக்கப்பட்டது. 1800-ல் கிளாஸ்கோ குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் பெயரில் இருந்த மாவட்டத்துக்கு 1799-லேயே கிரீன் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அந்த வழக்குகளுக்காகக் கூட்டப்பட்ட நீதிமன்றம்தான் பின்னாளில் வட கரோலினாவின் உச்ச நீதிமன்றமாக வளர்ந்தது.

அரசு வசம் இருந்த காகிதத்துக்கும் பெரிய பாதுகாப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகரைக் கொளுத்தியபோது செனட் எழுத்தர் லூயிஸ் மேக்கன் ஒரு வண்டியைப் பிடித்து செனட் ஆவணங்களை ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றினார். பிரதிநிதிகள் சபையின் காகிதங்களில் நிறைய சாம்பலாகிவிட்டன. பிளண்ட் குடும்பத்துக் கடிதங்கள் பிழைத்ததற்குக் காரணம் ஜான் கிரே பிளண்ட். அவர் 1833 வரை வாழ்ந்தார், கடைசிவரை நில வழக்கு, பாக்கி வசூல் என்று ஓடிக்கொண்டிருந்தவர், அதனால் எதையும் எறியவில்லை. வட கரோலினா மாநில ஆவணக் காப்பகம் அவற்றை 1952 முதல் 1982 வரை நான்கு தொகுதிகளாக அச்சிட்டது. நாக்ஸ்வில்லில் வில்லியம் 1790-களில் கட்டிய வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஒரு விஷயத்தைப் பல பேர் கவனிப்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் ஆவணம் நாடாளுமன்றத்துக்குச் சொந்தம், ஆனால் உறுப்பினரின் அலுவலகக் காகிதங்கள் இன்றும் அவரவர் சொந்தச் சொத்து. ஜனாதிபதியின் காகிதங்களை 1978-ல் வந்த சட்டம் பொதுச் சொத்தாக்கியது, செனட்டருக்கு அப்படி எதுவும் இல்லை. கொடுத்தால் நூலகத்துக்கு, இல்லையென்றால் குப்பைக்கு, அவர் விருப்பம்.

பிளண்ட் குடும்பத்துக் கடிதங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் மூன்றாம் தொகுதியிலிருந்து தொடங்கலாம், அது 1796-ல் ஆரம்பிக்கிறது. நோட்டு, தவணை, பாக்கி என்று முதலில் சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். செனட் குறிப்பேட்டை அப்புறம் எடுத்தால் போதும்.